முழங்காலுக்கு ஒரு தரை

வீடு கட்டும்போதும் புதுப்பிக்கும்போதும் குடும்பங்கள் சண்டை போட்டுக்கொள்கிற விஷயங்களில் தரைக்கு முக்கிய இடம் உண்டு. பளபளப்பா மங்கலா, இரண்டுக்கு இரண்டா நான்குக்கு இரண்டா, சந்தன நிறமா சாம்பல் நிறமா, பூஜையறைக்கு மட்டும் தனி டிசைனா, மைத்துனர் வீட்டில் போட்டதைவிடச் சதுர அடிக்குப் பத்து ரூபாய் கூடுதலா குறைவா. கடையிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும். இவ்வளவு பேச்சுக்கு நடுவில் ஒரு கேள்வி மட்டும் யார் வாயிலிருந்தும் வருவதில்லை. இந்தத் தரையின்மீது ஒரு நாளில் அதிக நேரம் நிற்கப்போகிறவள் யார்? அவள் முழங்கால் எப்படி இருக்கிறது?

தரையை நாம் பார்ப்பதற்கான பொருளாகவே வைத்திருக்கிறோம். விருந்தாளியின் கண் அதன்மீது பத்து நிமிடம் படும். வீட்டுப் பெண்ணின் உடல் எடை பத்து மணி நேரம் படும். அந்தப் பத்து நிமிடத்துக்காக இந்தப் பத்து மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதை ரசனை சார்ந்த முடிவு என்று சொல்லிக்கொள்கிறோம். அதற்குள் ஓர் அறவியல் முடிவு ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

உடற்பயிற்சிக்கென்று வீட்டில் ஓர் அறையை ஒதுக்க முனைந்தபோதுதான் இதையெல்லாம் யோசிக்கத் தொடங்கினேன். மதுரையில் வைகைக்கு வடக்கே, என் மாமனார் எண்பதுகளின் தொடக்கத்தில் கட்டிய வீடு. அந்த நாளில் மூன்று படி ஏறித்தான் உள்ளே நுழைய வேண்டுமாம். எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் 'பேஸ்மெண்ட்' என்று சொல்வது நிலத்துக்கு மேலே எழுப்புகிற இந்த மேடையைத்தான். அமெரிக்காவில் வாழும் என் தோழிகளுக்கு அதே சொல் நிலத்துக்குள் இறங்கும் அறையைக் குறிக்கிறது. இங்கே சாலையைச் சுரண்டி எடுக்காமல் பழைய தாரின்மேலேயே புதுத் தார் விழுந்து விழுந்து மூன்று படிகளும் காணாமல் போயின. இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் முன்னறைக்குள் போகிறோம். ஒரு சொல் தன் எதிர்ப்பொருளை அடைவதற்கு இலக்கணக்காரர்கள் பல வழிகள் சொல்லியிருக்கிறார்கள். தார்ச்சாலையின் வழி அதில் இல்லை.

குடும்பம் மாடியில் வாழ்கிறது. கீழே அந்த முன்னறையில் பழைய விடைத்தாள் கட்டுகளும் கால் ஒடிந்த கட்டிலும் கிடந்தன. எனக்கு நாற்பத்தாறு வயது. வகுப்பில் நின்றுகொண்டே இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். வலது மூட்டில் தேய்மானம் தொடங்கியிருக்கிறது, தொடைத் தசையை வலுப்படுத்தினால் மூட்டின் சுமை குறையும் என்று மருத்துவர் சொன்னார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையைக் காலி செய்தேன். பழைய சிவப்புச் சிமெண்ட் தரை பொரிந்து போயிருந்தது. அதன்மேல் என்ன போடுவது என்று கேட்க டைல்ஸ் கடைக்குப் போனேன்.

"ஹாலுக்குப் போட்டதையே போட்டுருங்க மேடம், ஒரே லுக்கா இருக்கும்."

"அங்க நான் குதிக்கப் போறேன்" என்றேன்.

அவர் என்னை ஆறுதலாகப் பார்த்தார். "குதிச்சா ஒண்ணும் ஆகாது மேடம். கல்லு மாதிரி. உடையவே உடையாது."

என் கவலை டைல்ஸைப் பற்றியது என்று அவர் எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய தொழிலில் கேட்கப்படுகிற கேள்வி அது ஒன்றுதான். விட்ரிஃபைடு டைல் என்பது களிமண்ணும் மணல்சத்தும் ஆயிரத்திருநூறு டிகிரிக்கு மேல் வெந்து கண்ணாடிபோல் இறுகிய பொருள். தன் எடையில் அரை சதவீதத் தண்ணீரைக்கூட அது உள்ளே வாங்காது. எதையும் வாங்கிக்கொள்ளாமல் இருப்பதுதான் அதன் பெருமை. கறையை வாங்காது, ஈரத்தை வாங்காது. அதே காரணத்தால் அதிர்ச்சியையும் வாங்காது.

வாங்காத அதிர்ச்சி எங்கே போகிறது? பள்ளியில் படித்த இயற்பியல்தான். தரையை நாம் எவ்வளவு விசையுடன் அழுத்துகிறோமோ அவ்வளவு விசையுடன் தரை நம்மைத் திருப்பி அழுத்துகிறது. நடக்கும்போது ஒரு காலில் ஏறும் அந்த விசை உடல் எடையைச் சற்றே தாண்டும். ஓடும்போது அது இரண்டு, இரண்டரை மடங்கு ஆகும். தரை கொஞ்சம் நெகிழ்ந்தால் அந்த அடி நீண்ட நேரத்துக்குப் பரவி மெதுவாக வரும். நெகிழாவிட்டால் நொடிக்குள் சுருங்கிக் கூர்மையாக வரும். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஒவ்வொரு மூட்டும் அதில் தன் பங்கை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பொறுமைக்கு நிலத்தை உவமை சொல்லிப் பழகிய மொழி நம்முடையது. தன்னைத் தோண்டுகிறவரையும் தாங்கும் நிலம் திருக்குறளில் வருகிறது. அங்கே அது எல்லா மனிதருக்கும் சொன்ன உவமை. பிற்காலத்தில் வீட்டுக்குள் வந்தபோது அது பெண்ணுக்கு மட்டுமானதாகச் சுருங்கியது. "பூமாதேவி மாதிரிப் பொறுமை" என்று பாராட்டப்படாத மாமியாரோ மருமகளோ நம் ஊரில் அரிது. ஆனால் நிலம் உண்மையில் எதையும் பொறுப்பதில்லை. கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. பொறுப்பது நிலத்தின்மேல் நிற்கிற முழங்கால்தான். உவமேயத்தின் வேலையை உவமானத்தின் பேரில் எழுதிவிட்டோம். இருபது ஆண்டு அணியிலக்கணம் நடத்தியவள் என்ற முறையில் இதைப் பதிவு செய்துவைக்க விரும்புகிறேன்.

'மூட்டு' என்ற சொல்லும் இந்த நாட்களில் என்னை விடவில்லை. எலும்பும் எலும்பும் சேரும் இடம் மூட்டு. துணியோடு துணியைச் சேர்த்துத் தைத்தால் அதுவும் மூட்டுதான். அடுப்பில் நெருப்பை உண்டாக்குவதும் மூட்டுவதே. தைப்பவள், அடுப்பு மூட்டுபவள், மூட்டு வலிக்காரி மூவரும் ஒரே வீட்டில் ஒரே ஆளாக இருப்பது சொல்லின் தற்செயல் என்று விட்டுவிடலாம். வாழ்க்கையின் தற்செயல் என்று விட முடியவில்லை.

ஒரு தவறான எண்ணத்துக்கு இடம் கொடுத்துவிடக் கூடாது. கடினமான தரைதான் மூட்டுத் தேய்மானத்துக்குக் காரணம் என்று நான் வாதிடவில்லை. வயது, எடை, பழைய அடி, பரம்பரை, மாதவிடாய் நின்ற பிறகான மாற்றங்கள், ஆண்டுக்கணக்காகக் குந்தியும் மண்டியிட்டும் செய்கிற வேலை என்று பல காரணங்கள் இருக்கின்றன. ஐம்பதைத் தாண்டியவர்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கே முழங்கால் தேய்மானம் அதிகம். கால் ஒன்றும் மரக்கட்டையல்ல. கடினத் தரையில் தசை தன்னைத் தளர்த்திக்கொள்கிறது, மெத்தென்ற தரையில் விறைத்துக்கொள்கிறது. தசைக்கு வலு இருக்கும்வரை இந்தச் சமரசம் நடக்கும். வலு குறைந்தவளுக்குத்தான் தரை ஒரு பிரச்சினை. அவள் அந்த வலுவைச் சேர்க்கவும் ஒரு தரை வேண்டும். அந்த முதல் ஆறு மாதத்துக்குத் தரை அவளோடு ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

தேடத் தொடங்கியதும் ஒன்று தெரிந்தது. இது உலகத்துக்குப் புதிய கேள்வியே இல்லை. பாலே நடனக்காரர்கள் கான்கிரீட்டின்மேல் நேராக ஆடுவதில்லை. மரச்சட்டங்களுக்கு மேல் பலகை வேய்ந்து, மிதித்தால் அமுங்கி எழும் தளத்தில் ஆடுகிறார்கள். உள்ளரங்க விளையாட்டுத் தளங்களுக்கு ஐரோப்பாவில் ஒரு தர விதி இருக்கிறது. கான்கிரீட்டைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, மேலே போடும் தளம் அதிர்ச்சியில் எத்தனை சதவீதத்தைக் குறைக்கிறது என்று அளக்கிறார்கள். குறைந்தது 25 வேண்டும், 75ஐத் தாண்டக் கூடாது. மேல் வரம்பு வைத்திருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மிருது கூடக்கூட நல்லது என்பது கடைக்காரர் சொல்லும் கதை. தடித்த நுரை மெத்தையின்மேல் ஒற்றைக் காலில் நின்று பாருங்கள், கணுக்கால் நடுங்கும். நிலைதடுமாற்றத்தைச் சோதிக்க மருத்துவர்கள் நோயாளியை நுரைமேல் நிற்கவைப்பது அதனால்தான். முழங்காலைக் காப்பாற்றப் போய்க் கணுக்காலைச் சுளுக்கிக்கொள்வதில் பொருளில்லை.

ஆகவே என்ன செய்யப்போகிறோம் என்பதிலிருந்துதான் தரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மண்டியிட்டும் படுத்தும் செய்கிற பயிற்சிகளுக்கு, செருப்பின் அடிப்பாகத்துக்குப் பயன்படும் ஈ.வி.ஏ. நுரையில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் சதுரங்கள் கிடைக்கின்றன. லேசானவை, கழுவலாம், விலையும் குறைவு. ஆனால் எடை தூக்கிக்கொண்டு நிற்பதற்கு அவை ஆகாது. காலடியில் பள்ளமாகி மீளாமல் கிடக்கும். நின்று, நடந்து, சிறிது குதித்து, கையில் எடை பிடித்துச் செய்வதற்கு இறுக்கமான ரப்பர்தான் சரி. பழைய டயர்களை அரைத்துப் பொடியாக்கி அழுத்திச் செய்கிறார்கள். பத்து மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய பத்துக் கிலோ இருக்கும். என் அறைக்கு நூற்றுப்பத்துக் கிலோ. தூக்கி வந்த பையன்கள் ஆட்டோவிலிருந்து இறக்கும்போது என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. டயர் நாற்றம் மூன்று வாரம் போகவில்லை. மரத்தளம் அழகுதான். கரையானும் ஐப்பசி மழையும் உள்ள ஊரில், அதுவும் தெருவுக்குக் கீழே போய்விட்ட அறையில், அது வீண் வம்பு.

தெருமட்டத்துக்குக் கீழே இருக்கும் எந்தத் தரைக்கும் முதல் கேள்வி ஈரம். ஒன்றரை அடிச் சதுரமாகப் பிளாஸ்டிக் தாளை வெட்டித் தரையில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டால் போதும். அடியில் நீர் பூத்திருந்தால் தரை மூச்சுவிடுகிறது என்று பொருள். அதன்மேல் எதை ஒட்டினாலும் அடியில் பூஞ்சை பிடிக்கும். என் அறையில் பூத்தது. அதனால் எதையும் பசை போட்டு ஒட்டவில்லை. கொத்தனாரை வைத்துப் பொரிந்த இடங்களைப் பூசி, நீர்க்காப்புப் பூச்சு அடித்து, ரப்பர் சதுரங்களைச் சும்மா பரப்பியிருக்கிறேன். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை ஓரங்களைத் தூக்கிவிட்டு மின்விசிறியைப் போட வேண்டும். சமையலுக்கு அரிசி களைவது மாதிரி அதுவும் ஒரு வேலை.

இனி என்னைக் கோபப்படுத்திய விஷயத்துக்கு வருகிறேன். விழுகிற உடலுக்குக் கீழே மிருதுவாக ஏதாவது வேண்டும் என்பது நம் சமூகத்துக்குத் தெரியாத செய்தி இல்லை. தை மாதத்தில் அவனியாபுரத்துக்கோ பாலமேட்டுக்கோ அலங்காநல்லூருக்கோ போய்ப் பாருங்கள். வாடிவாசலுக்கு முன்னால் தேங்காய் நார்க் கழிவைக் கனமாகப் பரப்பியிருப்பார்கள். காளைக்கும் வீரனுக்கும் அடிபடக் கூடாது. நல்ல ஏற்பாடு, வேண்டிய ஏற்பாடு. மல்யுத்தக் கோதாவின் மண்ணைக் கொத்திக் கிளறிப் பொலபொலவென்று வைத்திருப்பார்கள். கபடிக்குக் கல் பொறுக்கிய மண். ஆண் உடல் விரும்பிப் போய் மோதுகிற இடங்களிலெல்லாம் தரை அவனுக்காகத் தயார் செய்யப்பட்டிருக்கிறது. இந்த அறிவு நம்மிடம் இல்லாமல் போகவில்லை. வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டது.

வீட்டுக்குள் பெண்ணுக்குத் தரையைப் பற்றிக் கற்பித்தது வேறு பாடம். அதிர்ந்து நடக்காதே. தரை சத்தம் போடாமல் வா. வயசுக்கு வந்த பிள்ளை குதிக்கலாமா? பாண்டி ஆடிக்கொண்டிருந்த பெண்ணை ஒருநாள் திடீரென்று உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். அதன்பிறகு அவள் ஒற்றைக் காலில் தாவுவது எப்போது? என் வகுப்பில் முதுகலை மாணவிகளிடம் கேட்டேன், கடைசியாக எப்போது இரண்டு காலும் தரையை விட்டு எழும்பக் குதித்தீர்கள் என்று. சிரித்தார்கள். பிறகு யோசித்தார்கள். பலருக்கு ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு. ஐரிஸ் மரியன் யங் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1980இல் எழுதிய ஒரு கட்டுரையில், பெண்பிள்ளை பந்தை எறியும்போது ஏன் முழு உடலையும் பயன்படுத்துவதில்லை என்று கேட்டார். தன் உடலை ஒரு செயல்திறனாகவும் அதே நேரத்தில் பிறர் பார்க்கும் பொருளாகவும் உணரக் கற்பிக்கப்பட்டவள் தன்னைச் சுற்றி ஒரு கோடு போட்டுக்கொண்டு அதற்குள்ளேயே அசைகிறாள் என்பது அவர் சொன்ன விடை. அவர் பேசியது கை நீளும் வெளியைப் பற்றி. நமக்குக் காலடியையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழும்பிக் குதிக்காத உடலுக்கு இறங்கவும் தெரியாமல் போகிறது. எலும்புக்கும் தசைக்கும் எந்தப் பளு தேவையோ அந்தப் பளுவை 'அடக்கம்' என்று சொல்லி எடுத்துவிட்டோம். நாற்பதுக்கு மேல், "ஏம்மா உடம்பைப் பாத்துக்கலை?" என்று அதே வாயால் கேட்கிறோம்.

எடுக்கப்பட்டது நல்ல பளு. கெட்ட பளு அப்படியே இருந்தது. அம்மியும் ஆட்டுக்கல்லும் குந்தவைத்த காலம் போய், எரிவாயு அடுப்பும் கிரானைட் மேடையும் பெண்ணை நிமிர்ந்து நிற்கவைத்தன. அதை நான் மனமார வரவேற்கிறேன். மண் தரையைப் பற்றி உருகுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சாணி மெழுகிய தரை காலுக்குக் குளுமையாகத்தான் இருந்தது, ஆனால் அதைக் குனிந்து மெழுகியது யாருடைய இடுப்பு என்றும் கேட்க வேண்டும். நான் சொல்வது வேறு. குந்தியிருந்தவளை எழுப்பி நிறுத்தியவர்கள் அவள் நிற்கப்போகும் இடத்தைப் பற்றி யோசிக்கவில்லை. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், வெறும் காலோடு, இம்மியும் நெகிழாத தரையில், ஒரே இடத்தில். நடந்தாலாவது ரத்தம் ஓடும். நிற்பது நடையைவிடக் கொடியது.

நிற்பதையும் ஓர் உரிமைப் பிரச்சினையாக்க முடியும் என்று காட்டியவர்கள் துணிக்கடைப் பெண்கள்தான். கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் திரண்ட விற்பனைப் பெண்கள் முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காருவதற்காகவும் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. நாற்காலி என்பது இவ்வளவு எளிய பொருள். அதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதிலேயே எத்தனை ஆண்டுகளின் கால்வலி இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் கடைக்கும் நிறுவனத்துக்கும்தான். வீட்டின் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வராது. வீட்டுப் பணியாளர்களுக்கு 2007இல் ஒரு நல வாரியம் வந்தது. எந்த வாரியமும் சமையலறையில் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வைக்கவில்லை.

நான் போட்ட ரப்பர் தரையை வைத்துத்தான் இந்தக் கட்டுரையின் கேள்வியைக் கேட்க வேண்டும். அந்த அறையில் ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் இருக்கிறேன். நானாக விரும்பி, எனக்கென்று எடுத்துக்கொள்கிற சிரமம் அது. அந்தச் சிரமத்துக்கு மெத்தென்று ஒரு தளம் வாங்கியிருக்கிறேன். அதே வீட்டில் மாடிச் சமையலறையில் என் மாமியாரும் நானும் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவும் மாறி மாறி நிற்கும் நேரத்தைக் கூட்டினால் ஏழெட்டு மணி நேரம் வரும். விரும்பி எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு மிருதுவும், வேறு வழியில்லாத சிரமத்துக்குக் கல்லும் என்று ஒரு வீடு ஏன் பிரித்துக்கொள்கிறது? இரண்டில் எந்த உடலுக்கு முன்னுரிமை? உடற்பயிற்சி ஒரு சாதனை, ஆகவே அதற்குச் செலவு செய்யலாம். பாத்திரம் துலக்குவது வெறும் வேலை, ஆகவே அதற்குத் தரையைப் பற்றிப் பேசக் கூடாது என்ற தரவரிசையை எங்கிருந்து எடுத்தோம்? பெண்கள் தங்களுக்கென்று ஓர் அறை அடைவது பெரிய விஷயம்தான். நான் அதை எளிதில் விட்டுத்தர மாட்டேன், குற்றவுணர்ச்சியும் படமாட்டேன். இரண்டையும் கேட்கலாம் என்பதுதான் என் கட்சி. மிருதுவான தரை ஒரு பெண் தனக்குத் தந்துகொள்ளும் பரிசாக நின்றுவிட்டால், அது வாங்க முடிந்தவளின் பரிசாகவே முடியும். வேலை செய்கிற எந்த உடலுக்கும் சேரவேண்டியது என்று வைத்தால்தான் பேச்சு தெருவரைக்கும் போகும்.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு, என் தோழியொருத்தி சொன்னாள். வேலைக்கு வருகிற பெண்ணின் காலடியில் ஒரு மேட் போட்டுவிட்டு மனச்சாட்சியை மெழுகிக்கொள்கிறாய், சம்பளத்தைக் கூட்டிக் கொடு என்றாள். சரியான மறுப்பு. மேட் சம்பளத்துக்கு மாற்றில்லை, வாரவிடுமுறைக்கும் மாற்றில்லை. ஆனால் சம்பளமும் மூட்டுக்கு மாற்றில்லை. கூட்டிக் கொடுத்த காசை அவர் கடைசியில் ஊசிக்கும் எண்ணெய்க்கும் செலவழிக்கப்போகிறார் என்றால், அந்தக் கூட்டலில் நாங்கள் ஏதோ ஒன்றை விட்டுவிடுகிறோம்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்களோடு சேர்த்து ஐந்து வீடுகள். ரப்பர் கடையில் கொடுத்த மாதிரித் துண்டுகளைச் சமையலறையில் தொட்டிக்கு முன்னால் வரிசையாகப் போட்டேன். ஆறு மில்லிமீட்டர், பத்து, இருபது மில்லிமீட்டர் நுரை ஒன்று. அக்கா ஒவ்வொன்றிலும் ஏறி நின்று பார்த்தார். நுரையிலிருந்து உடனே இறங்கினார்.

"இது கால் புதையுது டீச்சர். கையில குண்டானோட திரும்புனா சாச்சுப்புடும்."

தர விதியின் மேல் வரம்பை அவர் ஒரு குண்டானை வைத்துச் சொல்லிவிட்டார். பத்து மில்லிமீட்டரில் சற்று நேரம் நின்றார். பரவாயில்லை என்றார். தண்ணீர் பட்டால் வழுக்குமா என்று கேட்டு, தானே ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக் காலால் தேய்த்தும் பார்த்தார். ஓரம் மடிந்து தடுக்காமல் இருக்கச் சரிவாக வெட்டித் தரச் சொன்னார். அதன்பிறகு அவர் கேட்டது வேறு.

"நிக்கிறது கூடப் பரவால்ல டீச்சர். தொடைக்கிறதுதான். நீங்க குச்சி வச்சுத் தொடைக்கச் சொல்லிட்டீங்க. மத்த வீட்டுல குனிஞ்சு தொடச்சாத்தான் மூலை சுத்தமாகுங்கிறாங்க. மூணாவது மாடி வீட்டுல ஹாலே இருபது அடி இருக்கு. அம்புட்டும் மார்பிள். அங்க முட்டி போட்டுத்தான் போறேன்."

முட்டி போடுதல் என்பது எங்கள் பள்ளியில் வீட்டுப்பாடம் எழுதாதவர்களுக்கான தண்டனை. பத்து நிமிடம் தாங்காது. அக்கா இருபது அடிக் கூடத்தை முட்டி போட்டே கடக்கிறார், வாரத்துக்கு ஆறு நாள். கண்ணாடிபோல் மின்னும் தரையை உண்டாக்குவது சூளையின் வெப்பம் மட்டுமில்லை.

தோட்டக்காரர்கள் பயன்படுத்துகிற மாதிரி முழங்காலில் கட்டிக்கொள்ளும் பட்டை இருக்கிறது, வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். அக்கா யோசித்தார். அந்த வீட்டில் அதைக் கட்டிக்கொண்டு நுழைந்தால் என்ன நினைப்பார்கள், வேலைக்கு லாயக்கில்லை என்று நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். வலியை வெளியே காட்டும் ஒரு பொருளைக் கட்டிக்கொள்வதைவிட வலியைச் சேலைக்குள் வைத்துக்கொள்வது அவருக்குப் பாதுகாப்பு. இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் அக்கா வேலை செய்கிற வீடுகளில் இரண்டு பேர் எனக்குப் பழக்கம். ஒருவர் எங்கள் கல்லூரி அலுவலகத்தில் பணிபுரிகிறவர். குச்சி மாப்பு வாங்கி வையுங்கள் என்று அவரிடம் பேசியிருக்கிறேன். மூலை சுத்தமாகாது என்றார். மூலைக்கு மட்டும் நீங்கள் குனியலாமே என்றேன். தனக்கும் முழங்கால் வலிதான், குனிய முடியாது என்றார்.

மூன்றாவது மாடி வீட்டுக்கு அக்கா தானே போய்ப் பேசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். டீச்சர் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பத்து மில்லிமீட்டர் ரப்பரில் மிச்சம் விழுந்த துண்டு ஒன்று இருந்தது, ஒன்றரை அடிக்கு மூன்றடி. தன் வீட்டில் தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் போட்டுக்கொள்ளலாமா என்று அளந்து பார்த்தார். மகளை விட்டு எடுத்துவரச் சொல்கிறேன், ஐந்து கிலோவைத் தூக்கிக்கொண்டு படி இறங்க இந்த முட்டிக்கு ஆகாது என்றார்.